பகுத்தறிவுக் கோட்டி

காவிரிக் கரையில் பிறந்து, அதன் கிளை வாய்க்கால் ஒன்றின் ஓரத்திலேயே ஆசிரியப் பணியும் செய்துவந்த எனக்கு வைகைக்குத் தெற்கே உள்ளதெல்லாம் வெளிநாடு. கடவுச்சீட்டுக் கேட்பதில்லை என்பது ஒன்றே வேறுபாடு. ஆகவே, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு கோடை விடுமுறையில் இராசபாளையத்துப் படிப்பகம் ஒன்று என்னைச் சொற்போர் நடுவராக அழைத்தபோது, கடல் கடப்பவனுக்குரிய ஆயத்தங்களோடுதான் கும்பகோணத்தில் வண்டி ஏறினேன். வெந்நீர்க் குடுவையும் வயிற்று மாத்திரையும் பையில் இருந்தன.

அழைத்தவர் தேவசகாயம். என்னிடம் தமிழ் படித்தவர். இப்போது இராசபாளையத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறார். படிப்பகத்தின் செயலரும் அவரே. நிகழ்ச்சிக்குத் தலைப்பு வேண்டுமென்று தொலைபேசியில் கேட்டார். பகுத்தறிவைப் பற்றிக் கற்றோர் கூடிப் பேசும் அவை. அவைக்குப் பழந்தமிழில் 'கோட்டி' என்று ஒரு கம்பீரமான பெயருண்டு. "பகுத்தறிவுக் கோட்டி" என்றேன். மறுமுனையில் சிறிது நேரம் இரைச்சல் மட்டும் கேட்டது. "கோட்டியாய்யா?" என்றார். "கோட்டியேதான்" என்றேன். தூரத்துத் தொடர்பு சரியில்லை போலும் என்று எண்ணிக்கொண்டேன்.

மதுரையிலிருந்து புறப்பட்ட பேருந்து கிருஷ்ணன்கோவிலுக்கு அருகில் புகையைக் கக்கி நின்றது. ஓட்டுநர் இறங்கி, முன்புறத்தைத் திறந்து பார்த்து, நோயாளியின் உறவினரிடம் மருத்துவர் பேசும் குரலில், "எல்லாரும் எறங்கிக்கிடுங்க" என்றார். எதிரே ஒரு தேநீர்க் கடை இருந்தது. அதன் சுவரில் என் பெயரைக் கண்டேன். மஞ்சள் தாளில் நம் நிகழ்ச்சியின் அறிவிப்பு. அதன்முன் இருவர் தேநீர்க் குவளையோடு நின்றனர்.

"ஏலே, இங்க பாருலே. பகுத்தறிவுக் கோட்டியாம்."

"சாமிக் கோட்டி பாத்திருக்கேன். சீட்டாட்டக் கோட்டி எங்க மச்சானுக்கே உண்டு. இது புது ரகமால்லா இருக்கு."

"தலைமை யாருன்னு பாரு. கும்பகோணத்துலயிருந்து ஒரு பேராசிரியராம்."

"பெரிய கோட்டியாத்தான் இருக்கணும். இல்லேன்னா அம்புட்டுத் தூரத்துலயிருந்தா கூட்டிட்டு வருவாக?"

நான் கடைக்காரரிடம் சென்று, கோட்டி என்றால் இந்தப் பக்கம் என்ன பொருள் என்று தணிந்த குரலில் கேட்டேன்.

"கிறுக்குய்யா. ஒங்க ஊர்ல கிறுக்குப் புடிக்காதா?"

"பிடிக்கும். வேறு பெயரில் பிடிக்கும்" என்று சொல்லி, முகத்தைக் குவளைக்குள் மறைத்துக்கொண்டேன். கற்றோர் அவைக்குரிய சொல் ஒன்று, சில நூறு கல் தொலைவுக்குள் பித்துக்கு உரியதாகிவிட்டது. என் நாற்பதாண்டுத் தமிழ், ஒரு தேநீர்க் கடைச் சுவரில் ஒட்டப்பட்டுச் சிரிக்கப்பட்டது.

அந்தக் கலக்கத்தில் வந்து நின்ற அடுத்த பேருந்தில் ஏறினேன். பலகையைப் படிக்கவில்லை. மலை நெருங்கி நெருங்கி வந்தது, தென்னந்தோப்புகள் அடர்ந்தன. வ. புதுப்பட்டி தாண்டியபின் நடத்துநர், "மகாராஜபுரம் போற வண்டில ஏறிட்டு ராஜபாளையம் கேக்கீகளே" என்று வியந்தார். எனக்கு முன்னிருக்கையில் இரு பெண்கள் பேசிக்கொண்டு வந்தனர்.

"எம் மவனுக்குத் தாழ்வு மனப்பான்மைன்னு டீச்சர் சொல்லுதாக."

"அப்படின்னா என்னட்டி?"

"கணக்குல தாழ்வா மார்க் எடுக்கானாம். அதான்."

மனநூற் சொற்கள் அக்காலத்தில் வார இதழ்களின் வழியாக ஊர் ஊராக இறங்கிக்கொண்டிருந்தன. மொழிக்கு அவை நல்ல வரவு. ஒவ்வொன்றும் ஓசை குன்றாத தமிழாக்கம். ஆனால் புதிதாக வாங்கிய அரிவாளைப் பார்க்கிற செடியிலெல்லாம் போட்டுப் பார்க்கத் தோன்றும் அல்லவா, அப்படி ஒரு பருவம் அது. திரும்பும் வண்டியைப் பிடித்து இராசபாளையம் சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது.

"நீங்க சொன்னா உள்ளர்த்தம் ஏதாச்சும் இருக்கும்னு நெனச்சேன்யா" என்றார் தேவசகாயம், மருந்துக்கடை மேசையில் எனக்குச் சுக்குநீர் வைத்தபடி. அவர்மீது நான் கோபப்பட இயலவில்லை. ஆசிரியர் சொன்னதைக் கேள்வி கேட்கக் கூடாது என்று அவருக்கு நானே கற்பித்திருக்கக் கூடும்.

தலைப்பு வெறும் நகைப்போடு நின்றிருந்தால் தாழ்வில்லை. தேவசகாயம் சொல்லச் சொல்ல, அது விழுந்த இடம் புண் என்று தெரிந்தது.

படிப்பகத்தை நடத்திவந்தவர்கள் இரு நண்பர்கள். வெங்கடராஜா இவ்வூர் நூற்பாலை ஒன்றில் மேற்பார்வையாளராக இருந்து அண்மையில் ஓய்வுபெற்றவர். கடவுள் இல்லை என்பவர். பெருமாள்சாமி திருவில்லிபுத்தூரில் கணக்காசிரியராக இருந்தவர். நாள்தோறும் கோயிலுக்குப் போகிறவர். மாதந்தோறும் இருவரும் மேடையில் மோதுவதும், முடிந்தபின் ஒரே கடையில் வடை தின்பதும் முப்பதாண்டு வழக்கம். சென்ற ஆண்டு பெருமாள்சாமியின் மனைவி கோமதி இறந்தார். அடுத்து நடந்த கூட்டத்தில் அவர் எழுந்து, கோயிலில் பாசுரம் சொல்லும்போது மனைவியின் குரல் கேட்பதாகச் சொன்னார். வெங்கடராஜா அந்த வாரம் படித்த இதழின் சூட்டோடு, "அதுக்குப் பேரு மனப்பிரமை. இழப்பத் தாங்காத மனசு பண்ணுற வேலை" என்று தீர்ப்பளித்துவிட்டு அமர்ந்தார். பெருமாள்சாமி திருப்பி அடித்தார்: "உங்கப்பா சொத்தக் கோயிலுக்கு எழுதிவச்சுட்டாரு. அந்தக் கோவத்துலதான் நீரு சாமி இல்லங்கீரு. இதுக்கும் அதே புஸ்தகத்துல ஒரு பேரு இருக்கும், பாத்துச் சொல்லும்."

அதன்பின் பெருமாள்சாமி கூட்டத்துக்கு வரவில்லை. இப்போது வெங்கடராஜா கோயம்புத்தூரில் மகன் வீட்டோடு குடியேறப் போகிறார். வியாழக்கிழமை பயணம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இருவரும் முகம் பார்க்காவிட்டால் பிறகு பார்க்கவே போவதில்லை. அதற்காகத்தான் வெளியூர் நடுவர், அதற்காகத்தான் நான்.

அப்போது மாத்திரை வாங்க வந்த ஒருவர் எங்கள் பேச்சில் இயல்பாகக் கலந்துகொண்டார். "ராஜாவுக்கு ஏதோ காம்ப்ளெக்ஸ் இருக்குன்னு கணக்கு வாத்தியாரு சொல்லிட்டாராம்லா?"

பின்னால் நின்றவர் ஆவலாகிவிட்டார். "எந்தத் தெருவுல? கட வாடக எம்புட்டு?"

மறுநாட் பகல் வெங்கடராஜா வீட்டில் உணவு. ஏற்றிக் கட்டிய வேட்டியும் தடித்த கண்ணாடியுமாக வாயிலிலேயே நின்றார். உள்ளிருந்து அவர் மனைவி வீட்டுத் தெலுங்கில் தொடங்கி, "ஏமண்டி, ஐயாவ உள்ள கூப்பிடுங்க, வெயில்ல நிக்காக" என்றார். பருப்பும் புளிச்சகீரைத் துவையலும் வந்தன. இறுதியில் இவ்வூருக்கே உரிய சப்பட்டை மாம்பழம். காவிரிக் கரையில் மாம்பழத்துக்கு நாங்கள் பெருமை பேசுவதை அன்றோடு நிறுத்திக்கொண்டேன். பாதி வீடு பெட்டிகளாகக் கட்டப்பட்டிருந்தது.

"அந்த நோட்டீஸ் வாத்தியாரு வேலைதான?" என்றார். "பகுத்தறிவே ஒரு கோட்டின்னு அச்சடிச்சு ஊரெல்லாம் ஒட்டிட்டாரு."

என் சொல் அது என்று விளக்கினேன். அவர் நம்பியதுபோலத் தெரியவில்லை. வேறு பேச்சுக்கு மாறி, ஆலையைப் பற்றிக் கேட்டேன். முகம் மலர்ந்துவிட்டது. ஒரு காலத்தில் இரவுமுறைத் தொழிலாளர்கள், விடியும் வேளையில் இழைகள் இரண்டிரண்டாகத் தெரிகின்றன என்று முறையிட்டார்களாம். தூங்கிவிட்டுப் பொய் சொல்கிறார்கள் என்றது நிர்வாகம். இவர் ஒவ்வொருவரையும் உட்காரவைத்து, எப்போது தெரிகிறது, எந்த விளக்கின் கீழ் தெரிகிறது என்று கேட்டார். களைத்த கண்ணும் கவனமும் எப்படிப் பிறழும் என்று படித்தார். விளக்குகளை இடம் மாற்றி, நடுவில் ஓய்வு கொடுக்கச் செய்தார். இழையறுதல் குறைந்தது.

"அப்போ அவங்க சொன்னது நெசமாங்க?" என்று கேட்டார் அவர் மனைவி. நூறு முறை கேட்ட கதையாக இருக்க வேண்டும். இருந்தும் விருந்தினருக்காகக் கேட்டார்.

"இழ ரெண்டா இல்ல. ஆனா ரெண்டாத் தெரிஞ்சது நெசம்" என்றார் வெங்கடராஜா.

இவ்வளவு நுட்பமாகப் பிரித்தறியத் தெரிந்தவர், தந்தை மீது கோபம் என்ற குற்றச்சாட்டை எவ்வாறு எதிர்கொண்டார் என்று அறிய விரும்பினேன். தயங்காமல் சொன்னார்: "கோவம் உண்டு. இல்லங்கல. அதுனால சாமி இருக்குன்னு ஆயிருமா? நான் எதுக்குச் சொல்லுதேன்ங்கிறது ஒரு கேள்வி. நான் சொல்லுதது சரியாங்கிறது வேற கேள்வி."

அளவெடுத்து வெட்டிய விடை. ஆனால் அதே அளவுகோலைத் தம் நண்பர்மேல் வீசிய சொல்லின் அருகில் அவர் வைத்துப் பார்க்கவில்லை. விருந்துண்ட வாயால் அதைச் சுட்டிக்காட்ட எனக்கு மனம் வரவில்லை.

வெயில் தாழ்ந்ததும் திருவில்லிபுத்தூருக்குப் பேருந்தேறினேன். என் மடியில் யாருடையதோ கோழி ஒன்று பயணம் செய்தது. "செத்த நேரம் புடிச்சுக்கிடுங்கய்யா" என்று கொடுத்த அம்மையார், இறங்கும்வரை அதைத் திரும்பக் கேட்கவே இல்லை. கோபுரத்தெரு முனையில் வாணலியிலிருந்து சுடச்சுட எடுத்த பால்கோவாவை வாங்கித் தின்றேன். எங்கள் ஊர்த் திரட்டுப்பால் இதற்குத் தம்பி முறை, மரியாதைக்குரிய தம்பி.

பெருமாள்சாமி கதவைத் திறந்தார். மெலிந்த மனிதர். நான் யாரென்று சொன்னதும், மேசைமீதிருந்த மஞ்சள் அறிவிப்பை எடுத்து நீட்டினார்.

"பகுத்தறிவு அவியளுக்கு. கோட்டி எனக்கு. அப்படித்தான? மொதல்ல பிரமைன்னாரு. இப்பப் பச்சையாவே சொல்லிட்டாரு."

ஒரே தாள். இராசபாளையத்தில் அது அறிவைப் பித்தென்றது. பன்னிரண்டு கல் தாண்டியதும் ஒரு மனிதரைப் பித்தரென்றது. தத்தம் புண்ணின் மீதே இருவரும் அந்தச் சொல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சொன்னேன்: "ஐயா, இது என் சொல். கோயிலில் நீங்கள் கூடிநின்று பாசுரம் சொல்கிறீர்களே, அந்தக் கூட்டத்துக்கு என்ன பெயர்?"

"கோஷ்டி."

"அதுதான் இது. தமிழில் எழுதினால் கோட்டி."

அவர் தாளை மறுபடி பார்த்தார். முகம் முழுதும் சிரிப்பாகிவிட்டது. "அடப்பாவி! ராஜாவ கோஷ்டில சேத்துட்டீகளே. தெரிஞ்சா தூக்குப் போட்டுக்கிடுவாரு!"

சிரிப்பு அடங்கியபின் வருவீர்களா என்று கேட்டேன். "வாரேன்னும் சொல்லல, வரலைன்னும் சொல்லல. பிரமைன்னே வச்சுக்கிடுவோம்யா. அந்தப் பேர வச்சுட்டா, நான் சொல்லுததக் காது குடுத்துக் கேக்க வேண்டாம்னு ஆயிருமா?"

நண்பகலில் இராசபாளையத்தில் கேட்ட அதே நியாயத்தை, அதே கோபத்தோடு மீண்டும் கேட்டேன். இருவரும் ஒரே கருத்தை உடையவர்கள். அது மற்றவருக்கும் உரியது என்பதை மட்டும் அறியாதவர்கள்.

ஞாயிறு மாலை படிப்பகக் கூடத்தில் நாற்காலி போதவில்லை. என் பிழை கூட்டம் சேர்த்திருந்தது. பகுத்தறிவுக்குப் பித்துப் பிடிப்பதைக் காணச் சேத்தூரிலிருந்துகூட மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார்கள். வெங்கடராஜா முன்வரிசையில் இருந்தார். பெருமாள்சாமியின் நாற்காலி காலியாக இருந்தது. தேவசகாயம் வரவேற்புரையை நீட்டினார். புரவலர்களுக்கு இருமுறை நன்றி சொன்னார். மின்விசிறியைப் பற்றிக்கூட இரண்டு வாக்கியம் பேசினார். மூன்றாவது வாக்கியத்துக்கு அவர் வாய் திறந்தபோது பெருமாள்சாமி வாயிலில் செருப்பைக் கழற்றினார். நண்பரைப் பாராமல் வந்து அமர்ந்தார்.

நான் ஒரே ஒரு விதி வைத்தேன். பழைய இலக்கணத்தில் 'பிறன்கோட் கூறல்' என்று ஓர் உத்தி உண்டு; அடுத்தவர் கொள்கையை எடுத்துச் சொல்லுதல். எதிர்ப்பக்கம் சொன்னதை, "ஆம், நான் சொன்னது அதுவே" என்று அவர் ஏற்கும்படி முதலில் சொல்ல வேண்டும். அதன்பிறகே மறுக்கலாம். வெங்கடராஜாவை முதலில் அழைத்தேன்.

"இது என்ன பெரிய வித்தை" என்று எழுந்தார். "செத்துப்போன சம்சாரம் வந்து பேசுதுன்னு வாத்தியாரு சொன்னாரு."

"அப்படிச் சொல்லல" என்றார் பெருமாள்சாமி, சுவரைப் பார்த்து.

"சரி. ஆவி வந்து பாடுதுன்னு சொன்னாரு."

"ஆவியும் இல்ல, கொழுக்கட்டையும் இல்ல."

கூடம் சிரித்தது. பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "ராஜா, ரெண்டு வாய்ப்புப் போச்சு!" என்றது.

வெங்கடராஜா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பொறவு என்னதான் சொன்னீரு?"

பெருமாள்சாமி இப்போதுதான் அவர் பக்கம் திரும்பினார்.

"ஒரு பாசுரத்துல ஒரு எடத்துல எனக்கு எப்பவும் வார்த்தை தட்டும். முப்பது வருசமாத் தட்டும். கோமதி பொம்பளையாளுக பக்கம் நின்னு மெதுவா எடுத்துக் குடுப்பா. அவ போன பொறவும், அந்த எடம் வந்தா அவ சத்தம் கேக்கு. அது வெளியயிருந்து வருதா, எம் மண்டைக்குள்ளயிருந்து வருதான்னு எனக்குத் தெரியல. நாலு எழுத்துப் படிச்ச மனுசன், நம்ம ராஜா, அவருகிட்ட கேப்போம்னுதான் அன்னைக்கு எந்திரிச்சேன். நீரு பேரு வச்சு அனுப்பிட்டீரு."

 

வெங்கடராஜா நின்றபடியே இருந்தார். மறுக்கும் உரிமை இன்னும் அவருக்குக் கிடைக்கவில்லை. அதை அவர் கேட்கவும் இல்லை. மேடைக் குரலை விட்டுவிட்டு, "தெனமுமா கேக்கும்?" என்றார்.

"தெனமும் இல்ல."

"எந்தப் பக்கம்?"

"எடது பக்கம். அவ நிக்கிற பக்கம்."

"அந்த எடம் வரப்போகுது, வரப்போகுதுன்னு முந்தியே நெனப்பீரா?"

"நெனப்பேன். பயமா இருக்கும். தட்டிருமோன்னு பயம். கேக்காமப் போயிருமோன்னும் பயம்."

"இத ஏன் அன்னைக்கே சொல்லல?"

"நீரு ஏன் அன்னைக்கே கேக்கல?"

வெங்கடராஜா மெல்லச் சொன்னார்: "எனக்கு இப்பவும் அது மனசுக்குள்ளயிருந்து வருதுன்னுதான் படுது, வாத்தியாரே. அதத்தான் சொல்லுவேன்."

"சொல்லும். இப்பக் கேட்டுட்டுச் சொல்லுதீரு. எனக்கு வருத்தமில்ல."

பெருமாள்சாமியின் முறை வந்தது. அவர் கணக்காசிரியர், ஒரே வரியில் எழுதினார். "ருசு இல்லாதத நம்பக்கூடாது, சாமிக்கு ருசு இல்ல. இதான ராஜா சொல்லுதது?"

"இதேதான்" என்றார் வெங்கடராஜா.

"இதுல ஒங்கப்பா எங்கயும் இல்ல. நாந்தான் இழுத்துட்டு வந்தேன்." அவ்வளவு சொல்லி அமர்ந்தவர், உடனே மறுபடி எழுந்து, "ஆனா ருசுன்னா என்னங்கிறதுல எனக்கு நாலு கேள்வி இருக்கு" என்று தொடங்கினார். கூட்டம் நாற்காலிகளை முன்னுக்கு இழுத்துக்கொண்டது. பொழுது மங்கும்வரை நடந்த அந்தச் சொற்போரில் மனநூல் விலக்கப்படவில்லை. பலமுறை வந்தது; ஒவ்வொரு முறையும் கேள்வியாக வந்தது. வெங்கடராஜா தம் நினைவு தம்மை ஏமாற்றிய ஒரு நிகழ்ச்சியைத் தாமே சொன்னார். நடுவருக்குத் தீர்ப்பளிக்க இடமே தரவில்லை.

கூடத்தைப் பூட்டியபின்னும் நால்வராக வெளியே நின்றோம். திருவில்லிபுத்தூர் பேருந்து வந்தது. பெருமாள்சாமி ஏறினார். வெங்கடராஜாவும் ஏறினார்.

"எங்க வாரீரு? ஒம்ம வீடு அந்தப் பக்கம்லா?"

"காலைல நானும் வந்து நிக்கேன். என்ன கேக்குன்னு பாப்போம்."

"ஒமக்கு ஒண்ணும் கேக்காது."

"கேக்கலைன்னா கேக்கலைன்னு சொல்லுதேன். தள்ளி ஒக்காரும்." ஓடத் தொடங்கிய வண்டியின் சன்னல் வழியே அவர் தேவசகாயத்திடம், வீட்டில் தகவல் சொல்லிவிடும்படி கத்தினார்.

மறுநாட் காலை ஊர் திரும்பும் வழியில் நான் திருவில்லிபுத்தூரில் இறங்கினேன். கோயிலுக்குள் கோஷ்டி நின்றிருந்தது. அதன் கடைசி வரிசைக்கும் பின்னால் பெருமாள்சாமி கைகூப்பி நின்றார். அவருக்கு இடப்பக்கம் வெங்கடராஜா, கும்பிடாமல், கைகளைக் கட்டிக்கொண்டு, காதைச் சற்றுச் சாய்த்து நின்றார். ஆலையில் எந்திரத்தின் ஓசை கேட்டுப் பழகிய நிலை அது. பாசுரம் நடுப்பகுதிக்கு வந்தபோது பெருமாள்சாமியின் குரல் ஓரிடத்தில் தட்டி நின்றது. மற்றவர்கள் சொல்லிக்கொண்டே போனார்கள். அவர் மூன்று சொற்கள் பிந்திச் சேர்ந்துகொண்டார்.

முடிந்ததும் மூவரும் வெளியே வந்தோம்.

"கேட்டுதா?" என்றார் பெருமாள்சாமி.

"இல்ல."

பெருமாள்சாமி துண்டால் முகத்தைத் துடைத்தார். "எனக்கும் இன்னைக்குக் கேக்கல" என்றார். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திராது. சொன்னபோது குரல் இறங்கியிருந்தது.

முப்பதாண்டாக எதிர்வாதம் செய்தவருக்குக் கைக்கு வந்து விழுந்த சான்று அது. வெங்கடராஜா அதை எடுத்துக்கொள்ளவில்லை. "ஒரு நாளு கேக்கலங்கிறது எதுக்கும் ருசு ஆகாது, வாத்தியாரே" என்றார், ஏறக்குறைய அதட்டும் குரலில். "பக்கத்துல ஆள் நின்னா கேக்காதோ என்னவோ. அதையும் பாக்கணும்ல. நாளைக்கும் வாரேன். வியாழக்கெழம வரைக்கும் எனக்கு வேலை என்ன இருக்கு?"

"பொறவு?"

"கோயமுத்தூர்ல வண்டி ஓடலையா?"

என் பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி வணங்கினேன். இருவரும் தலையசைத்தார்கள், ஆனால் என்னைப் பார்க்கவில்லை. நாளைக்கு ராஜா இடப்பக்கம் நிற்பதா, வலப்பக்கம் நிற்பதா என்பதில் அவர்களுக்குள் அதற்குள்ளாகவே வாக்குவாதம் முற்றியிருந்தது.